அந்தக் கதையில் வரும் நான்

எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லண்டன் ஹரோவில் ஒரு வீட்டின் முன்னறையில் வைத்து என்னையும் என் கணவரையும் சமாதானம் செய்துவைத்தார்கள். நாங்கள் சண்டை பிடித்திருக்கவில்லை. அன்று காலையில்கூட டூட்டிங்கில் ஒன்றாகப் போய் மீன் வாங்கி வந்து, அதை யார் வெட்டுவது என்பதில் மட்டும் கொஞ்சம் இழுபறிப்பட்டோம். ஆனால் நான் ஒரு கதை எழுதியிருந்தேன். அதைச் சொல்லும் பெண் 'நான்' என்று சொன்னாள். போதாதா? ஊர் கூடிவிட்டது.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது. சிரிப்பு பிறகுதான் வரும்.

கதை வந்தது ஒரு காலாண்டுச் சஞ்சிகையில். சஞ்சிகை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹரோவில் ஒரு சாப்பாட்டு மேசையில் தயாராகி, யாரோ ஒருவருடைய அலுவலகத்துப் போட்டோகொப்பி மெஷினில் களவாகப் பிரதியெடுக்கப்பட்டு, தபாலில் போவது. அதன் ஆசிரியர் கிழமை நாட்களில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். சனிக்கிழமை வந்தால் கொழும்பிலிருந்து கொண்டுவந்த தமிழ்த் தட்டச்சு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அந்த மெஷினில் புள்ளி வைக்கும் கட்டை உடைந்துபோயிருந்தது. அதைத் திருத்த லண்டனில் ஆள் இல்லை. ஆகவே அவர் அடித்துத் தரும் பக்கங்களில் ஒரு புள்ளியும் இருக்காது. அவருடைய மனைவியும் நானும் குசினி மேசையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பேனையால் புள்ளி வைப்போம். முப்பது பக்கத்துக்கு வைத்து முடிய விரல் விறைத்துவிடும். சஞ்சிகையின் கடைசிப் பக்கத்தில் உதவியவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். போட்டோகொப்பி எடுத்தவர் பெயர்கூட இருக்கும். எங்கள் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அதிகம் பேசமாட்டார். ஒரு சனிக்கிழமை, தலை நிமிராமல் புள்ளி வைத்தபடியே சொன்னார்:

"உங்களுக்கு ஒண்டு சொல்லுறன். ஹீத்ரோவில இவரைக் கண்ட உடன எனக்குத் திரும்பிப் போகவேணும் போல இருந்தது."

நான் பேனையை வைத்துவிட்டேன். பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். யாழ்ப்பாணத்தில் பதிவுத் திருமணம் முடிந்து ஒரு கிழமையில் மாப்பிள்ளை லண்டனுக்குப் பறந்துவிட்டார். நாலு வருடம் கடிதம். அதற்குப் பிறகுதான் அக்காவுக்கு விசா கிடைத்தது. விமான நிலையத்தில் மாப்பிள்ளை ஒரு மட்டையில் அக்காவுடைய முழுப் பெயரையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்ர முகம் அவருக்கு மறந்துபோச்சு. அதுதான் மட்டை. நான் அந்த மட்டையைத் தாண்டி நடந்து போனன். அவர் என்னைப் பாத்தவர்தான், ஆனா தெரியேல்லை. போய் ரொய்லெற்றுக்குள்ள பையை மடியில வைச்சுக்கொண்டு இருபது நிமிசம் இருந்தன். லண்டனில எனக்கு வேற ஒருத்தரையும் தெரியாது. அதால வெளியில வந்தன்."

பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "அவர் கூடாத மனிசன் இல்லை. கை நீட்டினதில்லை, குடிக்கிறதில்லை. ஆனா அந்த இருபது நிமிசம் என்ர. அதை நீங்கள் எழுதவேணும். என்னை ஆரும் தேடாத மாதிரி எழுதவேணும். இவருக்குத் தெரிஞ்சா நான் இந்த வீட்டில இருக்கேலாது."

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதுவது சுலபம் என்று நினைத்தேன். பகலில் உலர்சலவைக் கடையில் மற்றவர்களின் கோட்டுகளுக்கு இலக்கத் துண்டு குத்திக்கொண்டே மனதுக்குள் வசனங்களை அடுக்கினேன். முதல் தடவை 'அவள்' என்று எழுதினேன். அவள் இறங்கினாள், அவள் நடந்தாள், அவன் காத்திருந்தான், அவன் இரண்டு ஷிப்ட் வேலை செய்து களைத்திருந்தான், அவன் அவளுக்காக ஒரு அறையைச் சாயம் பூசி வைத்திருந்தான். எனக்கே என் எழுத்து பிடித்துப்போனது. எவ்வளவு நியாயமாக இரண்டு பக்கமும் நின்று எழுதியிருக்கிறேன் என்று என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா அதைக் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வாசித்தார். வாசித்து முடித்து முகத்தைச் சுளித்தார்.

"உதில எனக்கு மேல ஆரோ ஏறி நிண்டு பாக்கினம்," என்றார். "நீங்கள் அவரின்ர மனசுக்குள்ளயும் போயிட்டு வாறியள். அவர் களைச்சுப்போனார், அறைக்குச் சாயம் பூசினார் எண்டெல்லாம் அண்டைக்கு எனக்குத் தெரியாதே. தெரிஞ்சிருந்தா நான் ரொய்லெற்றுக்குள்ள போயிருக்க மாட்டன். இதை வாசிக்கிற ஆக்கள் எல்லாரும் அவருக்குத்தான் பாவம் பாப்பினம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கதை எழுதத் தெரிந்தவள் நானா, அவரா? ரயிலில் வீட்டுக்கு வரும்வரை உள்ளுக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து மறுபடி வாசித்தபோது அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. நான் எழுதியிருந்தது கதையே இல்லை. கணவனுக்கான சிபாரிசுக் கடிதம். எல்லாம் அறிந்தவளாக மேலே நின்றுகொண்டு, அந்தப் பெண்ணுக்குத் தெரியாததை எல்லாம் வாசகருக்குக் காதோடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவள் பயந்தது நியாயமில்லாததாகத் தெரிந்தது அதனால்தான்.

அப்படியே கிழித்துப் போட்டுவிட்டு 'நான்' என்று தொடங்கினேன். தொடங்கியதும் கை கட்டிப்போட்டது போல் இருந்தது. அந்த ஆளின் மனதுக்குள் போக வழியில்லை. அவன் நல்லவனா என்று தெரியாது. அவனுடைய கை தெரிகிறது, சப்பாத்து தெரிகிறது, கழுத்தில் சவரம் செய்யும்போது வெட்டிய காயம் தெரிகிறது. அவ்வளவுதான். அந்த நெருக்கத்துக்குள் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே மூச்சு முட்டியது. அக்கா இருந்த இடம் அதுதான். மட்டையையும் வருடத்தையும் மட்டும் மாற்றினேன். கதையில் வரும் கணவன் இரவல் வாங்கிய ஒரு குளிர் கோட்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கோழி பிடிக்க வருகிறவனைப் போல் நின்றான். நாலு வருடம் ஐந்தானது.

'நான்' என்று எழுதியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை. 'அவள்' என்று எழுதினால் எங்கள் ஆட்கள் எவள் என்று கேட்பார்கள். கேட்டால் தேடுவார்கள். தேடினால் கண்டுபிடிப்பார்கள், லண்டனில் அப்போது நாங்கள் அவ்வளவு பேர் இல்லை. 'நான்' என்று எழுதினால் என்னோடு நின்றுவிடும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "உங்களுக்குப் பிரச்சினை வராதோ?" என்று கேட்டார்.

"என்ன பிரச்சினை? நானும் இவரும் கலியாணம் முடிச்சு ஒரே பிளேனில வந்தனாங்கள். ஹீத்ரோவில எனக்காக ஒருத்தரும் நிக்கேல்லை. இவருக்குத் தெரியுந்தானே," என்றேன். வாய்க்கொழுப்புத்தான். மற்றவர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

ஆசிரியர் கதையைத் தன் கையாலேயே தட்டச்சு செய்தார். முடித்துவிட்டு குசினி வாசலில் வந்து நின்று, "பிள்ளை, அந்த ஆம்பிளையை நல்லா எழுதியிருக்கிறீர். உப்பிடியான ஆக்கள் கனபேர் இருக்கினம்," என்றார். அக்கா தலை நிமிரவில்லை. தன்னுடைய இருபது நிமிடத்துக்குத் தானே புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் மக்கு இல்லை, நிறைய வாசித்தவர். ஆனால் மனைவி நின்ற இடத்திலிருந்து தன்னை ஒரு தடவையாவது பார்த்திருந்தால்தானே அந்த ஆளைத் தெரிந்திருக்கும்.

சஞ்சிகை தபாலில் போன மூன்றாம் நாளே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "என்ன பிள்ளை, ஒண்டும் சொல்லாம இவ்வளவு நாளும் மனசுக்குள்ளயே வைச்சிருந்தனீரோ?" என்று ஒருவர் அழுதார். டூட்டிங் மரக்கறிக்கடையில் ஒரு பெண் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தான் தெரிந்தெடுத்த முருங்கைக்காயில் பாதியை என் பைக்குள் போட்டார். கோயிலில் என்னிடம் கேட்காமலே எங்கள் இரண்டு பேருடைய பெயருக்கும் அர்ச்சனை நடந்தது. நட்சத்திரத்தை யாரிடம் விசாரித்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. என் கணவர் வேலை செய்த பெற்றோல் நிலையத்துக்கு ஒரு நண்பர் வந்து, ஒன்றும் பேசாமல் தோளில் கை வைத்துவிட்டுப் போனாராம். இவர் வீட்டுக்கு வந்து, "ஆரோ செத்த வீடு மாதிரிக் கிடக்கு," என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் என்னளவுக்கு இல்லை. அது யாருடைய கதை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஊரிலிருந்த இவருடைய அம்மாவுக்கும் ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. அவர் எனக்கு எழுதாமல் மகனுக்கு மட்டும் எழுதினார். அந்தக் கடிதத்தை இவர் எனக்குக் காட்டவில்லை. எனக்கு உண்மையாக வலித்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகுதான் ஹரோ அழைப்பு வந்தது. ஆசிரியர் வீட்டில் கூட்டம். தலைமைக்கு ஒரு பெரியவர். ஊரில் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலிச் சண்டை தீர்த்த பழக்கத்தில், லண்டனில் வேலி இல்லாத குறைக்குக் குடும்பங்களுக்கு எல்லை போட்டுக்கொண்டிருந்தார். ரோல்ஸ், பற்றிஸ், தேத்தண்ணி எல்லாம் ஆயத்தமாக இருந்தன. சமாதானத்துக்கு வெறும் வயிறு ஆகாது என்று நினைத்திருப்பார்கள்.

பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் கணவரைப் பார்த்தார். "தம்பி, பிள்ளைக்கு நீர் என்ன குறை வைச்சனீர்? மனசு விட்டுச் சொல்லும்."

இவர் வாயில் ரோல்ஸ் இருந்தது. விழுங்கிவிட்டு, "ஐயா, அது கதை," என்றார்.

"கதைதான். ஆனா நான் எண்டெல்லோ எழுதியிருக்கு?"

"ஐயா, அதில வாற பெட்டையை ஹீத்ரோவில புருசன் வந்து கூட்டிக்கொண்டு போறான். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பிளேனில, பக்கத்துப் பக்கத்துச் சீற்றில வந்தனாங்கள். இவ யன்னலோரம் வேணுமெண்டு சண்டை பிடிச்சவ."

நல்ல மனதோடுதான் சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை விழுந்ததும் அறையே மாறிப்போனது. பெரியவர் கதிரையில் நிமிர்ந்தார்.

"அப்ப இது ஆரின்ர கதை?"

நான் பயந்தது இதற்குத்தான். பெரியவர் விரல் மடக்கத் தொடங்கிவிட்டார். "கலியாண எழுத்து முடிச்சுப்போட்டுக் கனகாலம் ஊரில இருந்து வந்த பிள்ளையள்... பார்க்கிங் ரவுனில ஒண்டு. டூட்டிங்கில ரெண்டு. இஞ்ச ஹரோவில..."

"எங்கட வீட்டிலயும் அப்பிடித்தானே ஐயா," என்று ஆசிரியர் சிரித்தார். "நாலு வருசம் பாத்துக்கொண்டு இருந்தவ." அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தபடியே அவருடைய கண் மட்டும் கொஞ்சம் யோசிக்கத் தொடங்கியது.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றார். கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் போனால் அவருடைய வீடு போய்விடும்.

"அது நான்தான்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"பிளேனை மாத்தினது கதைக்காக. மிச்சம் முழுக்க என்ர. இவரோட வந்து இறங்கின அண்டைக்கு எனக்குத் திரும்பிப் போகவேணும் போல இருந்தது. எழுதினன். அதுக்கு இப்ப என்ன?"

சொல்லிவிட்டு இவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆறு வருடம் என்னோடு குடும்பம் நடத்திய மனிதரை ஒரு வசனத்தில் கைவிட்டுவிட்டேன். இவர் என்னைப் பார்த்தது தெரிந்தது. பிறகு வாசலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். கையிலிருந்த மிச்ச ரோல்ஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஓம் ஐயா," என்றார். "எனக்கு அது முதலே தெரியும். வெக்கத்தில மறைச்சுப்போட்டன்."

பெரியவருக்கு உயிர் வந்துவிட்டது. அரை மணித்தியாலம் புத்திமதி சொன்னார். கடைசியில் தீர்ப்பு: அடுத்த இதழில் நான் வருத்தம் தெரிவித்து ஒரு குறிப்பு எழுதவேண்டும், கதையை 'அவள்' என்று மாற்றி மறுபடி போடவேண்டும், இனிமேல் குடும்பப் பெண் எழுதும் கதையில் 'நான்' வரக்கூடாது.

"ஏலாது," என்றேன்.

"பிள்ளை, ஒரு சொல்லு மாத்திறதுதானே," என்றார் ஆசிரியர்.

"சொல்லு மாறினா பாக்கிற ஆளும் மாறிப்போகும் அண்ணை. அவள் எண்டு எழுதினா நீங்கள் எல்லாரும் சுத்தி நிண்டு அவளைப் பாப்பியள். நான் எண்டு எழுதினபடியால் அவள் உங்களைப் பாக்கிறாள். அதுதான் உங்களுக்குப் பொறுக்கேல்லை."

"அப்பிடியெண்டா உம்முடைய கதையை இனிப் போடேலாது."

"போடாதேங்கோ."

எழுந்துவிட்டேன். வாசலில் சப்பாத்துப் போடும்போது ஆசிரியர் என் கணவருடைய முதுகைத் தடவி, "தம்பி, எனக்கு உப்பிடி ஒண்டு நடந்திருந்தா நான் தாங்கியிருக்க மாட்டன்," என்றார். இவர் குனிந்து நூலைக் கட்டிக்கொண்டே, "தாங்கலாம் அண்ணை," என்றார்.

மெட்ரோபொலிட்டன் லைன் ரயிலில் ஏறினோம். நோர்தன் லைனுக்கு மாறிய பிறகு இவர் சொன்னார்:

"நீர் எனக்காவது முதலே சொல்லியிருக்கலாம்."

"அது நான் சொல்லுறதுக்கு என்ர கதையில்லை."

"எழுதுறதுக்கு மட்டும் உம்மட கதையோ?"

அந்தக் கேள்வி நியாயமானது. என்னிடம் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. "அம்மாவுக்கு என்னெண்டு எழுதுறது?" என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எழுதவில்லை. எழுதினால் அது யார் என்று அம்மாவும் கேட்பார். என்னைப் பற்றி அம்மா என்ன நினைத்தாரோ அதை நினைத்தபடியே இருந்து போய்ச் சேர்ந்தார்.

சஞ்சிகை பிறகு நாலு இதழோடு நின்றது. நான் நிற்கவில்லை. தொண்ணூறுகளின் நடுவில் கதைகளைத் தொகுத்து சென்னையில் அச்சடித்தோம். அச்சகத்துக்காரர் முதல் பக்கத்தில் 'யாவும் கற்பனை' என்று போடட்டுமா என்று கேட்டு எழுதினார். வேண்டாம் என்று எழுதினேன். அந்தக் கதையை முதல் கதையாக வைத்தேன், ஒரு சொல்லும் மாற்றாமல்.

வெளியீடு ஹரோவில், சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடக்கும் பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. பழைய ஆசிரியர் முன்வரிசையில் இருந்தார். கோபம் என்றாலும் புத்தக வெளியீட்டுக்கு வராமல் இருக்க அவருக்கு ஏலாது. அக்கா அவரோடு வரவில்லை. இந்த ஆறேழு வருடத்தில் பள்ளிக்கூடமொன்றில் சாப்பாடு பரிமாறும் வேலை எடுத்து, கார் ஓடப் பழகி, பிள்ளைகளையும் ஓரளவு வளர்த்து விட்டிருந்தார். தன்னுடைய காரில் தனியாக வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார்.

கேள்வி நேரத்தில் முதல் கையே அதற்குத்தான் உயர்ந்தது. "முதல் கதையில வாறது நீங்கள்தானே?"

"ஓம்," என்றேன். "மூண்டாவது கதையில மனிசியை அடிக்கிறவனும் நான்தான். கடைசிக் கதையில செத்துப்போற கிழவனும் நான்தான். வேற ஆரைக் கேக்கப்போறியள்?"

மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையில் அக்கா எழுந்து நின்றார். கையில் புத்தகம் இருந்தது.

"அவ பொய் சொல்லுறா," என்றார். சத்தமாகத்தான் சொன்னார். "முதல் கதையில வாறது நான். அந்த இருபது நிமிசம் ரொய்லெற்றுக்குள்ள இருந்தது நான்."

மண்டபம் கைதட்டியது. ஒரு வாசகிக்கு இதைவிட என்ன பாராட்டு வேண்டும் என்று பக்கத்தில் இருந்த பேச்சாளர் ஒலிவாங்கியிலேயே சொன்னார். எழுதியவள் 'நான்' என்றபோது அப்படியே நம்பிய ஆட்கள், அந்தப் பெண்ணே நேரில் நின்று 'நான்' என்று சொன்னபோது அதைப் பாராட்டு என்று நினைத்தார்கள். அக்கா உட்காரவில்லை. முன்வரிசையை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கே ஒருவர் மட்டும் கைதட்டவில்லை. மடியிலிருந்த புத்தகத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் கதையை முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.